கார்ட்ரிட்ஜின் நான்கு முள்கள்: ஃபோனோ இணைப்பில் பேலன்ஸ்டா, சிங்கிள்-எண்டடா?

டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை எம்எம் வகையிலிருந்து (காந்தம் அசைவது) எம்சி வகைக்கு (சுருள் அசைவது, சிக்னல் மிகச் சிறியது) மாற்றிய முதல் இரவே இடது ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டு ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பாடல்களுக்கு நடுவே, ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் அந்த நாலைந்து நொடியில் 'ம்ம்ம்' என்று எழும். மூன்று முறை கேபிள் மாற்றினேன். கிரவுண்ட் கம்பியைக் கழற்றி வேறு திருகில் மாட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் ஆர்மின் உலோகக் குழாயில் ஒரு முனையையும், இடது ஆர்சிஏ பிளக்கின் வெளி வளையத்தில் இன்னொரு முனையையும் வைத்தேன். 'பீப்' என்றது. வலது பக்கம் வைத்தால் சத்தமே இல்லை. ஆர்மின் கிரவுண்ட் மொத்தமும் இடது சேனலின் சிக்னல் கம்பி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து யார் என்னிடம் "பேலன்ஸ்டு இணைப்புக்கு மாறலாமா?" என்று கேட்டாலும், முதலில் மீட்டரை எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். என்ன வாங்குவது என்பதைப் பிறகு பேசலாம். ஒரு சேனலின் இரண்டு கம்பிகளையும் கிரவுண்டோடு சேர்க்காமல் கொண்டுபோவது பேலன்ஸ்டு, ஒன்றைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுவது சிங்கிள்-எண்டட்.

கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்தைப் பாருங்கள். நான்கு முள்கள் இருக்கும். வெள்ளை இடது சேனலின் ஹாட் (சிக்னல் முனை), நீலம் அதன் கோல்டு (திரும்பும் முனை). சிவப்பு வலதின் ஹாட், பச்சை அதன் கோல்டு. உள்ளே ஒவ்வொரு சேனலுக்கும் இருப்பது ஒரு சுருள். சுருளுக்கு இரண்டு முனைகள். அந்த இரண்டில் எதுவும் இயல்பாக கிரவுண்டோடு சேர்ந்ததல்ல, இரண்டும் மிதக்கின்றன. ஆக, கார்ட்ரிட்ஜ் பிறப்பிலேயே பேலன்ஸ்டு. ஆர்மின் நான்கு கம்பிகளும் அதை அப்படியே கீழே கொண்டுவருகின்றன. எஸ்எம்இ நிறுவன வகை ஆர்ம்களின் அடியில் இருக்கும் 5 முள் டின் (DIN) சாக்கெட்டிலும் அது கெடுவதில்லை: நான்கு முள் சிக்னலுக்கு, ஐந்தாவது ஆர்மின் கிரவுண்டுக்கு. பேலன்ஸை நாம் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை. அது எந்த இடத்தில் தொலைகிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் அது ஆர்சிஏ பிளக்கில் தொலைகிறது. 1930களில் கிராமபோனை ரேடியோவோடு இணைப்பதற்காக வந்த பிளக் அது. 'ஃபோனோ பிளக்' என்ற பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கிறிஸ்டல் பிக்கப்கள் ஏறத்தாழ ஒரு வோல்ட் தந்த காலத்துக்கு அது தாராளமாகப் போதும். இன்றைய எம்எம் தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக 1960களில் டெனான் உருவாக்கிய டிஎல்-103, அதாவது என் ஆர்மில் இருப்பது, 0.3 மில்லிவோல்ட்தான் தரும்.

ஆர்சிஏ இணைப்பில் கோல்டு முனையும் ஷீல்டும் (கேபிளின் வெளிக் கவசம்), கார்ட்ரிட்ஜ் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்குள் ஒரே கிரவுண்டில் போய்ச் சேர்கின்றன. அந்த வெளி வளையம் திரும்பி வரும் சிக்னலையும் சுமக்கிறது, இரு கருவிகளின் கிரவுண்டுகளுக்கு நடுவே அலையும் வேண்டாத மின்னோட்டத்தையும் சுமக்கிறது. எடுத்துக்காட்டாக, அந்தப் பாதையின் மின்தடை 0.05 ஓம், அதில் 10 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 மைக்ரோவோல்ட் உண்டாகும். 5 மில்லிவோல்ட் சிக்னலுக்கு அது 80 டெசிபெல் கீழே. 0.3 மில்லிவோல்ட்டுக்கோ 56 டெசிபெல்தான் கீழே. இதோடு நிற்பதில்லை. ஃபோனோ ஸ்டேஜில் இருக்கும் ஆர்ஐஏஏ ஈக்குவலைசேஷன், 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 17 டெசிபெல் தூக்கிவிடும். இசைத்தட்டில் வெட்டும்போது பாஸைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள், அதனால் இசை சரியான அளவுக்குத் திரும்பிவிடும். ஹம்மை, அதாவது அந்த ரீங்காரத்தை, யாரும் முன்கூட்டிக் குறைத்து வைக்கவில்லை. அது அப்படியே வளர்ந்து நிற்கும். ஆக எம்எம்மில் 63 டெசிபெல் கீழே, எம்சியில் 39 டெசிபெல் கீழே. முன்னதைக் காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கலாம். பின்னது நாற்காலிக்கே வரும். அதே கேபிள், அதே டர்ன்டேபிள், கார்ட்ரிட்ஜ் மட்டும் மாறியதும் எனக்கு ஹம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

பேலன்ஸ்டு இணைப்பில் ஹாட், கோல்டு இரண்டும் முறுக்கிய ஜோடியாக ஷீல்டுக்கு உள்ளே வருகின்றன. ஷீல்டு தனி, சிக்னலோடு அதற்குத் தொடர்பில்லை. ஏற்கும் சுற்று இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வழியில் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறிய ஹம் கழிந்துவிடுகிறது. 'ஒரே அளவில்' என்பதைக் கவனியுங்கள். இரண்டு கம்பிகளும் கிரவுண்டைப் பொறுத்து ஒரே மின்மறுப்போடு இருந்தால்தான் ஹம் சமமாக ஏறும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சிக்னல்கள் ஓடுவதுதான் பேலன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மின்மறுப்புச் சமம்தான் பேலன்ஸ். ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் பில் விட்லாக் இதைப் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தி வந்தார்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவிக் கிடக்கிறது: பேலன்ஸ்டு என்றால் சத்தம் 6 டெசிபெல் கூடும் என்பது. லைன் அவுட்புட்டில் அது பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் அங்கே இரண்டு எதிர்க்கட்ட டிரைவர்கள் இருக்கின்றன. கார்ட்ரிட்ஜின் சுருள் எப்படி இணைத்தாலும் அதே வோல்டேஜைத்தான் தரும். சொல்லப்போனால், இரண்டு சம பாதிகளாகக் கட்டிய பேலன்ஸ்டு உள்ளீட்டில், அதே பாகங்களால் ஆன சிங்கிள்-எண்டட் உள்ளீட்டைவிட ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் 3 டெசிபெல் கூடுதல். எனவே உங்கள் அமைப்பில் ஹம்மே இல்லை, ஆர்சிஏ கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கிறது, கார்ட்ரிட்ஜும் எம்எம் என்றால், எதையும் மாற்றாதீர்கள். இதை நான் மனமாரச் சொல்கிறேன். அந்தப் பணத்துக்குத் தட்டு வாங்கலாம்.

மீட்டரோடு அரை மணி நேரம்

முதலில் ஒரு எச்சரிக்கை. கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது ஓம் அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் எம்சியின் மெல்லிய சுருளுக்கு ஆகாது. நான்கு கம்பிகளையும் முள்களிலிருந்து உருவி எடுங்கள். கழற்றக்கூடிய ஹெட்ஷெல் (ஆர்ம் முனையில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் பகுதி) என்றால் இன்னும் எளிது, ஹெட்ஷெல்லையே கழற்றிவிடலாம்.

இப்போது நீலக் கம்பிக்கும் ஆர்ம் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பச்சைக்கும் குழாய்க்கும். பிறகு நீலத்துக்கும் பச்சைக்கும். மூன்றிலும் மீட்டர் மௌனமாக இருந்தால் உங்கள் ஆர்ம் பேலன்ஸ்டு இணைப்புக்குத் தயார். எங்காவது 'பீப்' என்றால் அந்த இணைப்பைக் கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும். ரேகா (Rega) நிறுவனத்தின் பழைய ஆர்ம்களில் குழாயின் கிரவுண்ட் இடது கோல்டோடு சேர்த்தே வரும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம், தனி கிரவுண்ட் கம்பி தேவைப்படக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்தார்கள். பேலன்ஸ்டுக்குப் போகிறவர்கள் அதைப் பிரித்து, குழாய்க்கு ஒரு தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

டர்ன்டேபிளின் பின்னால் ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு சாக்கெட்டின் வெளி வளையங்களுக்கும் இடையே அதே சோதனை. உள்ளேயே ஃபோனோ ஸ்டேஜ் இருக்கும் டர்ன்டேபிள்களில், வெளியே வருவது ஏற்கனவே சிங்கிள்-எண்டட் ஆகிவிட்ட சிக்னல். அதை வெளியிலிருந்து பேலன்ஸ்டு ஆக்க வழியில்லை.

கார்ட்ரிட்ஜையும் ஒருமுறை பாருங்கள். சில எம்எம் கார்ட்ரிட்ஜ்களில் ஒரு முள்ளிலிருந்து உலோக உடலுக்குச் சின்னத் தகடு ஒன்று வளைந்து போகும், பெரும்பாலும் வலது கோல்டான பச்சையிலிருந்து. உடலைக் கிரவுண்ட் செய்வதற்கான தகடு அது. பேலன்ஸ்டில் அது ஒரு முனையை மட்டும் கிரவுண்டோடு கட்டிப் போட்டுவிடும். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றலாம். ஆனால் அதன் பிறகு உடலுக்கு கிரவுண்ட் இருக்காது, உலோக ஹெட்ஷெல் வழியாக அது கிடைக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அடுத்தது ஃபோனோ ஸ்டேஜ். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். பின்பக்கம் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின், அதாவது முள், கொண்ட சாக்கெட்; பின் 1 கிரவுண்ட், 2 ஹாட், 3 கோல்டு) இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அவுட்புட். கார்ட்ரிட்ஜுக்குப் பயன்படாது. தேவை பேலன்ஸ்டு உள்ளீடு. அப்படி உள்ளீடாகவே இருந்தாலும் நான் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அளந்து பார்க்கிறேன்: பின் 1-க்கும் 2-க்கும் எவ்வளவு, பின் 1-க்கும் 3-க்கும் எவ்வளவு என்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பின் 3 மட்டும் பின் 1-ஓடு நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது எக்ஸ்எல்ஆர் வேடம் போட்ட ஆர்சிஏ. உள்ளீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் இரண்டுமே தொடர்பில்லாமல் காட்டலாம், அதுவும் நல்லதே.

சில நிறுவனங்கள் முழுப் பாதையையும் பேலன்ஸ்டாகவே தருகின்றன. புரோ-ஜெக்டின் எக்ஸ்2 பி டர்ன்டேபிளில் 5 முள் மினி எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருக்கிறது, ஃபோனோ பாக்ஸ் எஸ்3 பி அதற்குச் சோடி. ஒரே கேபிளில் இரண்டு சேனலும் கிரவுண்டும் போய்விடும். சால்டரிங் வேண்டாம் என்பவர்களுக்கு இது நேரான வழி.

கேபிள்

நான் கேபிளைச் சொந்தமாகத்தான் செய்கிறேன். இரண்டு உள்கம்பிகளும் ஒரு ஷீல்டும் உள்ள மைக்ரோஃபோன் வகைக் கேபிள், சேனலுக்கு ஒன்று. ஹாட் பின் 2-இல், கோல்டு பின் 3-இல். ஷீல்டை ஃபோனோ ஸ்டேஜ் பக்கம் பின் 1-இல் பற்றவைத்து, ஆர்ம் பக்கம் வெட்டி, சுருங்கும் குழாயால் மூடிவிடுகிறேன். டின் சாக்கெட்டின் ஐந்தாவது முள்ளிலிருந்து தனிக் கம்பி ஒன்று ஃபோனோ ஸ்டேஜின் கிரவுண்ட் திருகுக்குப் போகிறது. அந்தக் கம்பியை விட்டுவிடாதீர்கள். பேலன்ஸ்டு என்றால் கிரவுண்ட் கம்பி வேண்டாம் என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு, ஆர்மைத் தொடும்போதெல்லாம் ஹம் ஏறுகிறது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டின் பிளக்கின் முள் வரைபடங்களை நம்பி மட்டும் பற்றவைக்காதீர்கள். முன்பக்கமிருந்து வரைந்ததா, சால்டர் செய்யும் பக்கமிருந்து வரைந்ததா என்பதைப் பொறுத்து இடமும் வலமும் கண்ணாடியில் போல மாறிவிடும். ஹெட்ஷெல் பக்கமிருந்து ஒவ்வொரு நிறக் கம்பியாக மீட்டரால் தொட்டு, கீழே எந்த முள் பேசுகிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தச் சின்ன முள்களைச் சூடாக்கும்போது பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். பழைய டின் சாக்கெட் ஒன்றில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால் முள்கள் நேராகவே நிற்கும். கார்ட்ரிட்ஜ் முள்களில் மட்டும் எக்காரணம் கொண்டும் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். சுருளுக்குப் போகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது.

டர்ன்டேபிளில் ஆர்சிஏ சாக்கெட்தான், ஆனால் வெளி வளையங்கள் தனித்தனியாக மிதக்கின்றன என்றால், அதற்கும் வழியுண்டு. ஆர்சிஏவின் நடு முள் பின் 2-க்கு, வெளி வளையம் பின் 3-க்கு, ஷீல்டு பின் 1-க்கு. ஷீல்டு ஆர்சிஏ பக்கம் எதையும் தொடக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் அடாப்டர் இந்த வேலைக்கு உதவாது. அதற்குள் பின் 1-ஐயும் 3-ஐயும் பொதுவாகச் சேர்த்தே வைத்திருப்பார்கள். அதைப் போட்டதும் நீங்கள் பாடுபட்டுக் காத்த பேலன்ஸ் அங்கேயே முடிந்துவிடும்.

எம்எம் வைத்திருப்பவர்கள் கேபிளின் மின் கொள்ளளவையும் (கபாசிட்டன்ஸ்) கணக்கில் எடுக்க வேண்டும். 500 மில்லிஹென்றி சுருளும் மொத்தம் 200 பிகோஃபாரடும் சேர்ந்தால் ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு உண்டாகும். 350 பிகோஃபாரட் ஆனால் அது 12 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், சிம்பல்களின் ஒலி மாறிவிடும். நான்கு கம்பி முறுக்கிய ஸ்டார்-குவாட் கேபிள் காந்தப் புலத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் மீட்டருக்கு 150 பிகோஃபாரட் அளவுக்குப் போகலாம். எம்சிக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம். எம்எம்முக்கு, சாதாரண இரட்டைக் கம்பியில் கொள்ளளவு குறைந்ததாகத் தேடுங்கள், நீளத்தையும் குறையுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வழி

எம்சி இருக்கிறது, ஆனால் கையில் இருப்பது ஆர்சிஏ மட்டுமே உள்ள நல்ல எம்எம் ஃபோனோ ஸ்டேஜ். அதை விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. வோல்டேஜை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்தால் போதும். என் வீட்டில் நிலைத்தது இந்த வழிதான்.

டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று (உள்ளீட்டுச் சுருள்) எதோடும் சேராமல் மிதக்கக்கூடியது. கார்ட்ரிட்ஜிலிருந்து அதுவரை முழுக்க பேலன்ஸ்டு. இரண்டாம் சுற்றிலிருந்து ஃபோனோ ஸ்டேஜ் வரை குட்டையான ஆர்சிஏ கேபிள். சிக்னல் மிகச் சின்னதாக இருக்கும் தூரத்தில் பேலன்ஸ் அதைக் காக்கிறது, சிக்னல் வளர்ந்த பிறகுதான் கிரவுண்டோடு சேர்கிறது. 1:10 விகிதத்தில் டிஎல்-103-இன் 0.3 மில்லிவோல்ட் 3 மில்லிவோல்ட் ஆகும், எம்எம் உள்ளீட்டுக்கு அது பழகிய அளவு. ஃபோனோ ஸ்டேஜின் 47 கிலோஓம் விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது 100-ஆல் வகுபட்டு, கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓம்மாகத் தெரியும். 40 ஓம் சுருளுக்கு அது வசதியான பாரம். 1:20 போட்டால் சுமார் 118 ஓம் ஆகிவிடும், இந்தச் சுருளுக்கு அது இறுக்கம். 5 ஓம், 10 ஓம் சுருள் உள்ள கார்ட்ரிட்ஜ்களுக்குத்தான் 1:20 பொருந்தும்.

ஆனால் பெட்டிக்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்று அளந்து பாருங்கள். பல பெட்டிகளில் முதல் சுற்றின் ஆர்சிஏ வளையத்தையும் இரண்டாம் சுற்றின் வளையத்தையும் ஒரே கம்பியால் கட்டியிருப்பார்கள். நான் வாங்கியதிலும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு கம்பியை, சேனலுக்கு ஒன்றாக, வெட்டினேன். உள்ளீட்டு ஆர்சிஏ சாக்கெட்டுகளை எடுத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் வைத்தேன், பின் 1 பெட்டியின் உலோக உடலுக்கு. இடது பக்க ஹம் அன்று மாலை போனது, இன்னும் திரும்பவில்லை. பெட்டியை ஆம்ப்ளிஃபையரின் மின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தள்ளி வைத்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஹம் மிகக் குறையும் ஒரு கோணம் உண்டு.

பேலன்ஸ் தீர்க்காத ஹம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்தவர்கள் நிறைய. டர்ன்டேபிள் மோட்டாரோ பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோ வீசும் காந்தப் புலம் கார்ட்ரிட்ஜின் சுருளிலேயே நேராக ஏறினால், அது சிக்னலைப் போலவே இரண்டு முனைகளுக்கு நடுவே வித்தியாசமாக வருகிறது. எந்த பேலன்ஸ்டு உள்ளீடும் அதை இசையிலிருந்து பிரிக்க முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. ஊசியைத் தட்டில் வைக்காமல், ஆர்மைத் தூக்கிய நிலையிலேயே வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். ஹம் ஏறி இறங்கினால் அது காந்தப் புலம். மோட்டாரை நிறுத்தியதும் போய்விட்டால் மோட்டார்தான் காரணம். மோட்டார் நின்றும் ஹம் தொடர்ந்தால், ஆம்ப்ளிஃபையரை ஒரு கை தூரம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஆர்ம் எங்கே இருந்தாலும் ஹம் ஒரே அளவு என்றால் கிரவுண்ட் பாதையைச் சந்தேகியுங்கள், அங்கே பேலன்ஸ்டு இணைப்பு உதவும். ஒலியின் தன்மையும் ஒரு துப்பு: மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மென்மையான முனகல். அதன் இருமடங்கில் வரும் கரகரப்பான 'ஸ்ஸ்உர்ர்' பெரும்பாலும் கருவியின் பவர் சப்ளையிலிருந்து வருவது, கேபிளை மாற்றி அதைத் துரத்த முடியாது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. ஆர்சிஏவில் ஹாட்டையும் கோல்டையும் மாற்றிப் பற்றவைத்தால் பெரும்பாலும் ஹம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பேலன்ஸ்டில் பின் 2-உம் 3-உம் ஒரு சேனலில் மாறிவிட்டால் எந்த ஹம்மும் வராது. இரண்டு சேனலும் பாடும், அளவும் சரியாக இருக்கும். பாஸ் மட்டும் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் அறை முழுக்கப் பரந்து கிடக்கும். என் முதல் கேபிளில் வலது பக்கம் இப்படி மாறியிருந்தது, நான்கு நாள் கழித்துத்தான் காது அதைப் பிடித்தது. ஆகவே மோனோ தட்டு ஒன்றைப் போடுங்கள், ஒற்றைக் குரல் பாடுவதாக இருந்தால் நல்லது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், ஒரு புள்ளியில் அந்தக் குரல் நிற்க வேண்டும். நின்றால், டர்ன்டேபிளின் அடித்தட்டை மூடித் திருகுகளை முடுக்கிவிடலாம்.